பெயரில்லாச் சார்பும் பெயர் நிலைத்த மனிதரும்

கம்பம் பள்ளத்தாக்கு நன்றி மறவாத மண். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுவிக்கின் பிறந்த நாளான ஜனவரி 15-இல் இங்குள்ள விவசாயிகள் அவருக்கும் சேர்த்தே பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் அவருக்கு அரசின் மணிமண்டபம் இருக்கிறது. வீடுகளிலும் கடைகளிலும் அவருடைய படம் தொங்குகிறது. பிள்ளைகளுக்கு அவருடைய பெயரும் சூட்டப்படுகிறது. மேற்கே ஓடி அரபிக் கடலில் கலந்துகொண்டிருந்த நீர், 1895 அக்டோபரில் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பியது. இருபோக நெல்லும் திராட்சையும் தென்னையும் அந்த நீரின் கொடை.

அணை திறக்கப்பட்ட மறு ஆண்டின் இறுதியில், அதே சென்னை மாகாணத்துக்கு இந்திய ஆட்சிப் பணியின் இளம் அதிகாரி ஒருவர் கப்பலேறினார். அவர் பெயர் ஜூலியஸ் மேத்திசன் டூரிங். மாகாணத்தின் பல மாவட்டங்களில் பணியாற்றிய அவரை இன்று நினைவில் வைத்திருப்போர் அரிது. ஆனால், அவருடைய இளைய மகன் ஆலன் டூரிங்கை உலகம் மறக்கவில்லை. போடிநாயக்கனூர் அரசுப் பொறியியல் கல்லூரியிலோ, உத்தமபாளையத்துப் பள்ளி ஒன்றின் கணினி ஆய்வகத்திலோ அமர்ந்து நிரல் எழுதும் ஒவ்வொரு மாணவரும் அவருடைய சிந்தனையின் மீதுதான் கை வைத்திருக்கிறார்கள். பென்னிகுவிக்கை அறிந்த அளவுக்கு அவரையும் இப்பள்ளத்தாக்கின் மாணவர்கள் அறிய வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணத்தின் பெயர் லாம்டா.

தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் பைத்தான் மொழி கற்பிக்கப்படுகிறது. அதில் லாம்டா என்ற கிரேக்க எழுத்தின் பெயரைத் தாங்கிய பெயரில்லாச் செயற்கூறு ஒன்று வரும். கணிதப் பாடத்தில் சார்பு என்று படிப்பதையே கணினிப் பாடத்தில் செயற்கூறு என்கிறோம். மாணவர்கள் அதன் இலக்கணத்தை மனப்பாடம் செய்து, இரண்டு மதிப்பெண் பெற்று, கடந்து போகிறார்கள். கல்லூரிக்குச் சென்றால் ஜாவாவில் அதே லாம்டா வேறு உருவத்தில் வருகிறது. சி பிளஸ் பிளஸ்ஸில் சதுர அடைப்புக்குறியோடு வருகிறது. ஜாவாஸ்கிரிப்டில் அம்புக்குறியாக வருகிறது. ஒவ்வொரு முறையும் புதிய பாடம் ஒன்றைக் கற்பதாக மாணவர் எண்ணுகிறார். உண்மையில் அது ஒரே பாடம். அந்த ஒருமையை நிறுவிக் காட்டியவர்களில் முதன்மையானவர் டூரிங்.

அவருடைய தாய்வழி வேர் தமிழ் மண்ணில் ஆழமாகவே ஊன்றியிருந்தது. தாய் எத்தெல் சாரா ஸ்டோனி 1881-இல் கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் பிறந்தவர். அவருடைய தந்தை எட்வர்ட் வாலர் ஸ்டோனி மதராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர். ஆற்றுப் பாலங்கள் கட்டியவர். ஓசையின்றி இயங்கும் பங்காச் சக்கரம் ஒன்றைக் கண்டுபிடித்துக் காப்புரிமையும் பெற்றவர். ஸ்டோனியும் பென்னிகுவிக்கும் ஒரே காலத்தில் ஒரே மாகாணத்தில் உழைத்த பொறியாளர்கள். ஸ்டோனி குடும்பத்தின் வீடு குன்னூரில் இருந்தது. ஆலனின் அண்ணன் ஜான் 1908-இல் குன்னூரில்தான் பிறந்தார்.

பெற்றோர் அன்றைய சென்னை மாகாணத்தின் கஞ்சம் மாவட்டத்தில், இன்று ஒடிசாவில் உள்ள சத்ரபூரில் இருந்தபோது ஆலன் கருவுற்றார். 1912 ஜூன் 23-இல் லண்டனில் பிறந்தார். மறு ஆண்டே தாய் கணவரிடம் இந்தியாவுக்குத் திரும்ப நேர்ந்தது. இரு மகன்களும் இங்கிலாந்தின் தென் கடற்கரையில் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவரின் குடும்பத்தில் விடப்பட்டனர். வெப்பமும் நோயும் பிள்ளைகளைத் தாக்கும் என்ற அச்சத்தில் ஆங்கிலேய அதிகாரிகள் பலர் கைக்கொண்ட வழக்கம் அது. தாயான எத்தெலும் தம் குழந்தைப் பருவத்தில் இவ்வாறே போத்தனூரிலிருந்து அயர்லாந்துக்கு உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்தான். பேரரசுக்கு ஊழியம் செய்த குடும்பங்கள் அதற்குக் கொடுத்த விலை, இரு தலைமுறைகளில் பிள்ளைகளின் தனிமையாக வெளிப்பட்டது.

பள்ளியில் ஆலன் ஆசிரியர்களுக்கு எளிதான மாணவர் அல்லர். கையெழுத்து மோசம், ஆடையில் ஒழுங்கில்லை, இலக்கியப் பாடங்களில் நாட்டமில்லை. 1926-இல் ஷெர்போர்ன் பள்ளியில் சேர வேண்டிய நாளில் பொது வேலைநிறுத்தத்தால் ரயில்கள் ஓடவில்லை. பதின்மூன்று வயதுச் சிறுவன் சவுத்தாம்ப்டன் துறைமுகத்திலிருந்து அறுபது மைல் தொலைவைச் சைக்கிளிலேயே கடந்து, வழியில் ஓரிரவு தங்கி, பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தான். அங்கு அவருக்குக் கிடைத்த உற்ற தோழர் கிறிஸ்டபர் மார்காம் அறிவியலிலும் கணிதத்திலும் ஒத்த ஆர்வம் கொண்டவர். 1930 பிப்ரவரியில் மார்காம் நோயால் இறந்தார். அந்த இழப்பு டூரிங்கை வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது. மனம் என்பது உடலுக்குள் எவ்வாறு இயங்குகிறது, பொருளிலிருந்து எண்ணம் எவ்வாறு பிறக்கிறது என்ற கேள்விகள் அவரை விட்டு அகலாததற்கு அந்த மரணமும் ஒரு காரணம் என்று அவருடைய வாழ்க்கையை ஆராய்ந்தோர் கருதுகின்றனர்.

1931-இல் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். 1935-இல், தமது இருபத்திரண்டாம் வயதில், அக்கல்லூரியின் ஆய்வறிஞராகத் தேர்வு பெற்றார். அவ்வாண்டில் மேக்ஸ் நியூமன் நடத்திய விரிவுரைகளில் ஒரு கேள்வி அவர் காதில் விழுந்தது. ஜெர்மானியக் கணித மேதை ஹில்பர்ட் எழுப்பிய கேள்வி அது. தருக்க மொழியில் எழுதப்பட்ட ஏதேனும் ஒரு கூற்றைக் கொடுத்தால், அது நிறுவத்தக்கதா இல்லையா என்பதை இயந்திரத்தனமான ஒரு வழிமுறையால் எப்போதும் தீர்மானிக்க முடியுமா? இதற்கு விடை காண, வழிமுறை என்றால் என்ன என்பதை முதலில் வரையறுத்தாக வேண்டும். அதுவரை அதை எவரும் நிறைவாகச் செய்திருக்கவில்லை.

டூரிங் தாளும் பென்சிலும் கொண்டு கணக்குப் போடும் மனிதரைக் கூர்ந்து எண்ணிப் பார்த்தார். அவர் செய்வதெல்லாம் என்ன? ஒரு கட்டத்தில் உள்ள குறியைப் பார்க்கிறார். தம் மனநிலைக்கு ஏற்ப அதை மாற்றி எழுதுகிறார். அடுத்த கட்டத்துக்கு நகர்கிறார். இதை அப்படியே ஓர் இயந்திரமாகக் கற்பனை செய்தார். கட்டங்கள் நிறைந்த முடிவில்லாத நாடா, அதைப் படிக்கவும் எழுதவும் ஒரு தலை, அடுத்து என்ன செய்வது என்று கூறும் ஒரு சிறு விதித் தொகுப்பு. அவ்வளவுதான். பின்னர் ஒரு படி மேலே சென்று, வேறு எந்த இயந்திரத்தின் விதிகளையும் நாடாவிலிருந்து படித்து அதைப்போலவே நடந்துகொள்ளும் பொது இயந்திரம் ஒன்றையும் அமைத்தார். நம் சட்டைப் பையில் உள்ள கைப்பேசி, செயலி மாறும்போதெல்லாம் வேறு கருவியாக மாறுவதன் கருத்தியல் வேர் இதுதான். ஹில்பர்ட்டின் கேள்விக்கு, அத்தகைய பொது வழிமுறை இருக்க முடியாது என்று விடை கண்டார்.

1936-ஆம் ஆண்டின் வசந்தத்தில் கட்டுரை முடியும் தறுவாயில் ஒரு செய்தி வந்தது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் அலோன்சோ சர்ச் என்ற தருக்கவியலாளர் அதே கேள்விக்கு அதே விடையை முன்னதாகவே வெளியிட்டிருந்தார். இளம் ஆய்வாளர் ஒருவருக்கு இதைவிடப் பெரிய இடி இருக்க முடியாது. ஆனால், சர்ச் சென்ற பாதை முற்றிலும் வேறு. அவரிடம் நாடா இல்லை, இயந்திரம் இல்லை. அவருடைய கருவி லாம்டா.

லாம்டாவின் கதையே ஒரு தோல்வியில் தொடங்குகிறது. 1930-களின் தொடக்கத்தில் கணிதம் முழுமைக்கும் புதிய அடித்தளம் அமைக்க சர்ச் ஒரு தருக்க அமைப்பை உருவாக்கினார். அந்த அமைப்பு தனக்குத்தானே முரண்படுகிறது என்பதை 1935-இல் அவருடைய மாணவர்களே, கிளீனியும் ராசரும், காட்டிவிட்டனர். இடிந்த கட்டடத்திலிருந்து நல்ல கல் ஒன்றை எடுப்பதுபோல, அதிலிருந்து சார்புகளைப் பற்றிய பகுதியை மட்டும் சர்ச் தனியே எடுத்துக்கொண்டார். அதுவே லாம்டா நுண்கணிதம்.

அதன் உட்பொருள் எளிது. போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் இடத்தை எண்ணிப் பார்க்கலாம். எட்டு மில்லிமீட்டருக்குமேல் பருமனுள்ள காய்களைத் தனியே எடு என்பது ஒரு விதி. அதற்குப் பெயர் எதுவும் வேண்டியதில்லை. ஒரு காயைக் கொடுத்தால் ஆம் அல்லது இல்லை என்று சொல்லும், அதுவே போதும். அந்த விதியைச் சல்லடையாக்கித் தொழிலாளியின் கையில் கொடுத்துவிட்டால் குவியல் முழுவதும் பிரிந்துவிடும். விதியை எழுதி, அதற்குப் பெயர் சூட்டி, பேரேட்டில் பதிந்து, பிறகு பெயரைச் சொல்லி அழைக்க வேண்டிய அவசியம் இல்லை. பெயரில்லாமல், தேவைப்படும் இடத்திலேயே எழுதி, பிறர் கையில் ஒரு பொருளைப்போல எடுத்துக் கொடுக்கத்தக்க விதியே லாம்டா கோவை. எண்களையும் கூட்டலையும் பெருக்கலையும், ஆம் இல்லை என்ற தெரிவையும்கூட இத்தகைய விதிகளைக் கொண்டே கட்டி எழுப்பலாம் என்று சர்ச் காட்டினார்.

நாடாவும் தலையும் கொண்ட இயந்திரம் ஒரு பக்கம்; விதியை விதிக்குள் இட்டு நிரப்பும் குறியீடு மறுபக்கம். இரண்டும் ஒன்றையே சொல்கின்றனவா? டூரிங் தம் கட்டுரையைக் கைவிடவில்லை. பொறாமை கொள்ளவும் இல்லை. சர்ச்சின் லாம்டாவைக் கற்றார். லாம்டாவால் கணிக்க முடிந்த அனைத்தையும் தம் இயந்திரத்தால் கணிக்க முடியும் என்றும், இயந்திரத்தால் முடிந்த அனைத்தும் லாம்டாவால் முடியும் என்றும் காட்டும் பின்னிணைப்பு ஒன்றை 1936 ஆகஸ்டில் எழுதிச் சேர்த்தார். மறு ஆண்டில் அதை விரித்துத் தனிக் கட்டுரையாகவும் வெளியிட்டார். தருக்கவியல் மேதை கர்ட் கேடல், சர்ச்சின் வரையறையை மட்டும் கண்டபோது ஏற்கத் தயங்கினார். டூரிங்கின் இயந்திரத்தைக் கண்ட பிறகே, கணித்தல் என்பதன் சரியான பொருள் கிடைத்துவிட்டது என்று ஒப்புக்கொண்டார்.

நியூமனின் பரிந்துரையால் டூரிங் 1936 செப்டம்பரில் பிரின்ஸ்டனுக்குக் கப்பலேறினார். போட்டியாளராக இருந்திருக்க வேண்டிய சர்ச்சிடமே மாணவராகச் சேர்ந்து 1938-இல் முனைவர் பட்டம் பெற்றார். அக்காலத்தில் லாம்டாவிலேயே ஒரு சிறு புதிரையும் விடுவித்தார். காரணியப் பெருக்கம் போன்ற கணக்குகளில் ஒரு சார்பு தன்னைத் தானே மீண்டும் அழைக்க வேண்டும். பெயருள்ள சார்பு தன் பெயரைச் சொல்லி அழைத்துக்கொள்ளும். பெயரே இல்லாதது தன்னை எப்படி அழைக்கும்? தன்னையே தனக்கு உள்ளீடாகக் கொடுத்து மீள்சுழற்சியை உண்டாக்கும் கோவை ஒன்றை 1937-இல் அவர் எழுதினார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. தருக்கத்தில் மூழ்கியிருந்த அதே நாள்களில், இயற்பியல் துறையின் பட்டறையில் மின்னாற்றலால் பெருக்கல் செய்யும் கருவி ஒன்றைத் தம் கைகளாலேயே கட்டிக்கொண்டும் இருந்தார். கருத்தும் கருவியும் அவருக்கு வேறுவேறாக இருந்ததில்லை.

ஜான் வான் நாய்மன் தமக்கு உதவியாளராகப் பிரின்ஸ்டனிலேயே தங்குமாறு அழைத்தார். டூரிங் மறுத்து 1938-இல் நாடு திரும்பினார். மறு ஆண்டு போர் மூண்டது. போர் தொடங்கிய மறுநாளே பிளெட்ச்லி பூங்காவின் ரகசியக் குறியீட்டு நிலையத்தில் பணிக்குச் சேர்ந்தார். ஜெர்மனியின் எனிக்மா கருவியின் ரகசியத்தைப் போலந்துக் கணித அறிஞர்கள் முன்னரே உடைத்திருந்தனர். அவர்கள் இட்ட அடித்தளத்தின்மீது, டூரிங்கும் கார்டன் வெல்ச்மனும் பாம்பே என்ற தேடல் இயந்திரத்தை வடிவமைத்தனர். நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு அனுப்பப்பட்ட கடற்படைச் செய்திகளைப் படிக்க வழிகண்டதில் டூரிங்கின் பங்கு தலையாயது. அட்லாண்டிக் கடலில் உணவும் ஆயுதமும் ஏற்றிவந்த கப்பல்கள் பல அதனால் தப்பின. ஆனால், இந்தப் பணி பல பத்தாண்டுகள் ரகசியமாகவே வைக்கப்பட்டது. 1947-இல் மறைந்த அவருடைய தந்தை, மகன் செய்த தொண்டின் அளவை அறியாமலே போனார்.

போருக்குப் பின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் மின்னணுக் கணினிக்கான விரிவான வடிவமைப்பை எழுதினார். 1948-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். இயந்திரம் சிந்திக்குமா என்ற வினாவை 1950-இல் ஆராய்ந்தார். 1951-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். விலங்குகளின் தோலில் புள்ளிகளும் வரிகளும் எவ்வாறு தோன்றுகின்றன என்பதற்கு 1952-இல் வேதியியல் விளக்கம் ஒன்றைக் கணிதத்தின் வழியே முன்வைத்தார்.

அதே 1952-இல்தான் அவரை அவருடைய நாடு தண்டித்தது. ஓர் ஆணுடன் உறவு வைத்திருந்ததை அவர் மறைக்காமல் ஒப்புக்கொண்டதே குற்றமாயிற்று. சிறைக்குப் பதிலாக ஓராண்டு ஹார்மோன் ஊசிகளை ஏற்க நேர்ந்தது. ரகசியப் பணிகளுக்கான அனுமதியும் பறிக்கப்பட்டது. 1954 ஜூன் 7-இல், நாற்பத்திரண்டாம் பிறந்த நாளுக்குச் சில நாள்களே இருந்தபோது, சயனைடு நஞ்சால் இறந்தார். விசாரணை அதைத் தற்கொலை என்றது. தாய் அதை விபத்தென்றே கடைசிவரை நம்பினார். போத்தனூரில் பிறந்த அந்தத் தாய், மகனின் தாள்களைத் தேடிச் சேர்த்து, தமது எழுபதுகளில் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதி 1959-இல் வெளியிட்டார். பிரிட்டன் அரசு 2009-இல் வருத்தம் தெரிவித்தது. 2013-இல் அரச மன்னிப்பு வழங்கப்பட்டது. 2021-இல் ஐம்பது பவுண்டுத் தாளில் அவருடைய உருவம் அச்சாயிற்று. அதே காலனி ஆட்சி இந்தியாவில் விட்டுச்சென்ற அத்தகைய சட்டப் பிரிவு, வயது வந்தோரின் விருப்பத்துடனான உறவுக்குப் பொருந்தாது என்று நம் உச்ச நீதிமன்றம் கூறியது 2018-இல்தான். அறிவைப் போற்றிய சமூகமே அறிவாளியைக் காக்கத் தவறிய கதை இது.

டூரிங் மறைந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1958-இல், ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் என்ற நிரல்மொழியை உருவாக்கத் தொடங்கினார். சர்ச்சின் லாம்டா குறியீடு அதில் முதன்முறையாகக் கணினிக்குள் நுழைந்தது. 1960-களில் பீட்டர் லாண்டின் அன்றைய நிரல்மொழிகளின் அமைப்பை லாம்டாவைக் கொண்டே விளக்கிக் காட்டினார். 1975-இல் ஸ்கீம் மொழி வந்தது. பைத்தானின் முதல் முழுப் பதிப்பில் 1994-லேயே லாம்டா இடம்பெற்றது. சி ஷார்ப்புக்கு 2007-இலும், சி பிளஸ் பிளஸ்ஸுக்கு 2011-இலும், ஜாவாவுக்கு 2014-இலும் வந்து சேர்ந்தது. ஜாவாஸ்கிரிப்ட் 2015-இல் அம்புக்குறி வடிவத்தை ஏற்றது. கணக்காளர்கள் பயன்படுத்தும் எக்செல் செயலியிலும் லாம்டாவைச் சேர்ப்பதாக மைக்ரோசாப்ட் 2020 டிசம்பரில் அறிவித்தது. தருக்கவியலாளரின் மேசையில் பிறந்த குறி, ஏலக்காய் வணிகரின் கணக்குத் தாள்வரை வந்துசேர ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் பிடித்தன.

மொழிகள் அனைத்தும் ஒன்றே எனில் ஏன் இத்தனை வேறுபாடு? இதையும் நம் ஊர்ச் சந்தையைக் கொண்டே பார்க்கலாம். இன்றைய விலையைவிட அதிகமாகக் கேட்டவர்களைத் தேர்ந்தெடு என்று போடியில் ஒரு விதி எழுதப்படுகிறது. கேட்ட விலை விதிக்குள் உள்ளீடாக வருகிறது. இன்றைய விலை என்பது வெளியிலிருந்து வர வேண்டும். இந்த விதியை வண்டன்மேட்டுச் சந்தைக்கு எடுத்துச் சென்றால், எந்த ஊர் விலையைக் கொள்வது? விதி பயன்படும் ஊரின் விலை என்றது பழைய லிஸ்ப். விதி எழுதப்பட்ட ஊரின் விலை என்றது ஸ்கீம். இன்றைய மொழிகளில் பெரும்பாலானவை ஸ்கீமின் வழியையே பின்பற்றுகின்றன.

அடுத்த சிக்கல்: நண்பகலில் விலை மாறினால்? பைத்தான், விதி செயல்படும் நொடியில் உள்ள விலையைப் பார்க்கும். அதனால்தான் சுழற்சிக்குள் லாம்டாக்களை உருவாக்கும் மாணவர், எல்லா லாம்டாக்களும் கடைசி மதிப்பையே காட்டுவதைக் கண்டு திகைக்கிறார். ஜாவா, லாம்டா பயன்படுத்தும் வெளி உள்ளக மாறி பின்னர் மாறவே கூடாது என்று தடைவிதிக்கிறது. சி பிளஸ் பிளஸ், விலையைப் படியெடுத்து வைத்துக்கொள்வதா, மூலத்தையே பார்ப்பதா என்று சதுர அடைப்புக்குறிக்குள் நிரலாளரையே சொல்ல வைக்கிறது. மூன்று மொழிகள், ஒரே கேள்விக்கு மூன்று விடைகள். கட்டுண்ட மாறி, கட்டற்ற மாறி என்று தருக்கவியல் வகுத்து, சர்ச் தம் நுண்கணிதத்தில் கையாண்ட வேறுபாடே இக்கேள்வியின் மூலம். அதை ஒருமுறை புரிந்துகொண்டவருக்கு மூன்று மொழிகளின் இலக்கணமும் மூன்று நாள் வேலை. புரியாதவருக்கு ஒவ்வொன்றும் ஒரு பருவத் தேர்வு.

நம் கல்வி கவனிக்க வேண்டிய இடம் இதுவே. மொழிகளைக் கற்பிக்கிறோம்; அவற்றுக்கு அடியில் ஓடும் கருத்தைக் கற்பிப்பதில்லை. வேலைவாய்ப்பு அறிவிப்பில் எந்த மொழியின் பெயர் அதிகம் வருகிறதோ அதன் பின்னே ஓடுகிறோம். சில ஆண்டுகளில் அம்மொழி மாறுகிறது. ஓடியவர் மீண்டும் தொடக்கத்தில் நிற்கிறார். மதுரை - போடி ரயில்பாதையை இவ்வட்டார மக்கள் அறிவார்கள். 1928-இல் திறக்கப்பட்ட மீட்டர் பாதையை அகலப்பாதையாக மாற்ற, பத்தாண்டுகளுக்கும் மேலாகப் போக்குவரத்து நின்றது. 2022-இல் தேனிக்கும் 2023-இல் போடிக்கும் ரயில் திரும்பியது. தண்டவாளத்தின் அகலம் மாறினால் பெட்டிகளையும் மாற்றித்தான் ஆக வேண்டும். சிந்தனைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒரு கணிப்பு முறையில் செய்யத்தக்கதை மற்றொன்றிலும் செய்யலாம் என்பதே டூரிங் நிறுவிய சமன்பாட்டின் சாரம். எளிமையிலும் வேகத்திலும் மொழிகள் வேறுபடலாம். இயலுமா இயலாதா என்பதில் அவை வேறுபடுவதில்லை.

தமிழ் வழியில் படித்துவிட்டுப் பொறியியல் கல்லூரிக்கு வரும் சிற்றூர் மாணவர்களிடம் ஓர் அச்சம் குடியிருக்கிறது. ஆங்கிலம் சரளமாக வராததால் நிரலாக்கமும் வராது என்று அவர்கள் தாமாகவே முடிவு செய்துகொள்கிறார்கள். சில நேரங்களில் சுற்றியிருப்போரும் அவ்வாறே நம்ப வைக்கிறார்கள். டூரிங்கின் தேற்றம் மனிதர் பேசும் மொழிகளைப் பற்றியதன்று. ஆயினும், அது தரும் தெளிவு இங்கும் உதவும். விதி, உள்ளீடு, விளைவு, வெளியிலிருந்து வரும் மதிப்பு ஆகிய நான்கையும் ஏலக்காயைக் கொண்டோ, மதகு திறக்கும் முறையைக் கொண்டோ தமிழிலேயே விளக்கிவிட முடியும். அதன்பின் கற்க வேண்டிய ஆங்கிலச் சொற்கள் மிகச் சிலவே. கருத்தைத் தாய்மொழியில் பிடித்துக்கொண்ட மாணவர், குறியீட்டை எந்த மொழியிலும் எழுதலாம். கருத்தைப் பிடிக்காமல் ஆங்கிலச் சொற்களை மட்டும் ஒப்பிக்கும் மாணவர், எந்த மொழியிலும் தடுமாறுவார்.

இன்னொன்றையும் இந்த வாழ்க்கை நமக்குச் சொல்கிறது. சர்ச்சோ டூரிங்கோ, எவருக்கும் வேலை கிடைக்கும் என்பதற்காக இவற்றை எண்ணவில்லை. அக்கேள்வியால் அன்று எந்தத் தொழிற்சாலையும் இயங்கவில்லை. சர்ச்சின் முதல் முயற்சி தோல்வியிலேயே முடிந்தது. பயன் என்ன என்று அன்றே கேட்டு நிதியை நிறுத்தியிருந்தால், இன்று உலகெங்கும் கோடிக்கணக்கானோருக்குச் சோறு போடும் தொழிலின் அடித்தளமே வலுவிழந்திருக்கும். நம் பல்கலைக்கழகங்களில் கணிதமும் தருக்கமும் போன்ற அடிப்படைத் துறைகளில் மாணவர் சேர்க்கை குறைவதைக் காட்டி அவற்றைச் சுருக்க முனைவோர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

பென்னிகுவிக் திருப்பிய நீரின் பயனைக் கண்ணால் காணலாம். நன்றி சொல்வது எளிது. டூரிங் கொடுத்தது கண்ணுக்குத் தெரியாதது. போத்தனூரிலும் குன்னூரிலும் வேர்விட்ட ஒரு குடும்பத்தின் பிள்ளை அவர். எனினும் இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. அவருக்குச் சிலையோ மணிமண்டபமோ இங்கே தேவையில்லை. அடுத்த கல்வியாண்டில் தேனி மாவட்டத்தின் வகுப்பறை ஒன்றில் லாம்டா பாடம் வரும்போது, அதன் இலக்கணத்தை எழுதிப்போடுமுன், அது எங்கிருந்து வந்தது, எதற்காக வந்தது, எத்தனை மொழிகளில் எந்தெந்த உருவில் உலவுகிறது என்பதை ஆசிரியர் ஒரு பாடவேளை எடுத்துச் சொன்னால் போதும். கற்பவருக்கு அச்சம் குறையும், கற்றது நிற்கும்.